ஜேன் ஆடம்ஸ் காதலைத் தியாகம் செய்தவரா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். எம்.எஸ்.டபிள்யூ, அதாவது சமூகப் பணி முதுகலை, முதல் வருடம் படிக்கிறீர்கள். அமெரிக்காவின் நடுமேற்குப் பகுதியில் ஒரு சின்ன ஊரில் பிறந்த ஜேன் ஆடம்ஸ் என்ற வசதியான பெண், ஊரையும் சொத்தையும் கல்யாணத்தையும் சேவைக்காகத் தியாகம் செய்துவிட்டு சிகாகோவில் ஏழைகள் நடுவே போய்க் குடியேறினார் என்று வகுப்பில் சொன்னார்கள். அவருக்கு வாழ்க்கையில் யாருமே இல்லையா என்று கேட்கிறீர்கள். கடைசியில், கொஞ்சம் தயங்கியது போல, இந்த வேலைக்கு வருகிறவர்கள் அப்படித்தான் இருந்தாக வேண்டுமா என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்கள். முதல் பாதி பரீட்சைக்கானது, அந்தக் கடைசி வரிதான் உங்களுடையது என்று எனக்குப் படுகிறது. 22 வருடம் கம்யூனிட்டி ஆர்கனைசேஷன் பேப்பர் எடுத்தவள் என்ற முறையில் இரண்டுக்கும் பதில் சொல்ல ஆசைப்படுகிறேன். முதல் சில வருடம் நானும் இதே தியாகக் கதையைத்தான் நடத்தினேன், அவர் 1892-ல் ஆற்றிய ஓர் உரையை முழுசாகப் படித்த பிறகு என்னால் அப்படி நடத்த முடியவில்லை. அந்த உரைக்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் ஊர். சிடார்வில் என்பது இலினாய் மாநிலத்தின் வடகோடியில், விஸ்கான்சின் எல்லைக்குப் பக்கத்தில், சில நூறு பேர் மட்டும் வாழ்ந்த ஒரு மில் ஊர். ஜேன் அங்கே 1860 செப்டம்பர் 6 அன்று பிறந்தார். அப்பா ஜான் ஆடம்ஸ் மாவு மில்லுக்குச் சொந்தக்காரர், பக்கத்து ஃப்ரீபோர்ட் நகரில் வங்கி நடத்தியவர், 16 வருடம் மாநில செனட்டர், லிங்கனைப் பழக்கமாக அறிந்தவர். ஜேனுக்கு இரண்டு வயதில் அம்மா இறந்துபோனார். நான்கு வயதில் வந்த முதுகெலும்புக் காசநோய் முதுகை வளைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வெளியூர்க்காரர்கள் தேவாலயத்துக்கு வந்தால், இவ்வளவு கம்பீரமான மனிதருக்கு இப்படி ஒரு கூன் விழுந்த பெண்ணா என்று யாராவது நினைத்துவிடுவார்களோ என்று பயந்து, அப்பா பக்கத்தில் நடக்காமல் சித்தப்பாவோடு ஒட்டிக்கொண்டு நடப்பாராம். ஒருநாள் ஃப்ரீபோர்ட்டில், கூட்டமான தெருவில், வங்கியிலிருந்து வெளியே வந்த அப்பா மகளைப் பார்த்ததும் பளபளக்கும் பட்டுத் தொப்பியைத் தலையிலிருந்து எடுத்து, ஒரு பெரிய மனுஷிக்குச் செய்வதுபோல முறையாகக் குனிந்து வணங்கியிருக்கிறார். அந்த நொடியில் என் வெட்கமெல்லாம் அபத்தமாகப் போய்விட்டது என்ற பொருளில் ஜேன் ஐம்பது வயதில் எழுதுகிறார். இதை நான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் சொல்வேன். அவர் வாழ்க்கையில் முதல் பெரிய அன்பு அந்த அப்பாதான், அந்த அன்பு திடீரென்று போனபோதுதான் கதையே தொடங்குகிறது.

1881 கோடையில் ராக்ஃபோர்ட் பெண்கள் கல்லூரியில் படிப்பு முடிந்தது. இரண்டு மாதம்கூட முழுசாகப் போகவில்லை, ஆகஸ்டில் அப்பா குடல்வால் அழற்சியில் இறந்துவிட்டார். அதற்குப் பிறகு 1889 வரைக்கும் வருகிற எட்டு வருடத்தைப் பாடப்புத்தகங்கள் ஒரே வரியில் தாண்டிவிடுகின்றன. என்னைக் கேட்டால் முழுப் பாடமும் அந்த எட்டு வருடத்தில்தான் இருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார், சில மாதங்களில் உடம்பும் மனசும் விழுந்து படிப்பை விட்டார். முதுகில் ஆபரேஷன் நடந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். அப்பா மறுமணம் செய்துகொண்ட சிற்றன்னைக்கு, தன் முதல் கல்யாணத்து மகன் ஜார்ஜை ஜேன் கட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசை. ஜேனுக்கு இஷ்டமில்லை. ஐரோப்பா போனார், திரும்பி வந்தார், சிற்றன்னையோடு பால்டிமோரில் இரண்டு குளிர்காலம் தங்கினார், இடையிடையே அக்கா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளப் போய்வந்தார். நம் வீடுகளில் படித்துவிட்டுக் கல்யாணமாகாமல் இருக்கும் பெண்ணிடம் "சும்மாதானே இருக்கே, அக்காவுக்குப் பிரசவம், போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வா" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். அதே நிலைமைதான். பின்னாளில் ஜேன் இதற்குக் குடும்பத்தின் உரிமைக்கோரல் என்று பெயர் வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். அதில் குடும்பத்தை அவர் திட்டவில்லை. மகளுக்கு வெளி உலகத்தின்மீதும் ஒரு கடமை உண்டு என்பது அந்தப் பெற்றோர் மனதில் ஏறவே இல்லை, படிக்க வைத்ததோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார்கள் என்கிறார்.

முதல் ஐரோப்பியப் பயணத்தில், 1883-ல், லண்டனில் நடந்தது ஒன்று. சனிக்கிழமை நள்ளிரவில் கிழக்கு லண்டனில் அழுகத் தொடங்கிய காய்கறிகளை ஏலம் விடுவார்கள். ஞாயிறு கடை கிடையாது, திங்கள் வரை அது தாங்காது. குதிரை வண்டியின் மேல்தட்டில் உட்கார்ந்து சுற்றுலாப் பயணிகள் அதைப் பார்க்கிறார்கள். ஒருவன் ஏலத்தில் விழுந்த முட்டைக்கோஸைப் பிடித்ததும் அப்படியே நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்து, பல்லால் கிழித்து, கழுவாமல் பச்சையாகத் தின்னத் தொடங்கினான். ஜேனுக்கு அந்த மனிதனின் முகத்தைவிட ஏலக்காரனை நோக்கி மேலே நீண்டிருந்த கைகள்தான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு உடற்பயிற்சியில் கையைத் தூக்கும் குழந்தைகளைப் பார்த்தாலும் அந்தக் கைகள் ஞாபகம் வந்தனவாம். ஆனால் அந்த இரவு அவரை எங்கேயும் கொண்டு போய்ச் சேர்க்கவில்லை, இதைக் கவனியுங்கள். அடுத்த வாரமும் அவர் மியூசியம்தான் பார்த்தார். பார்த்துக் கலங்குவது வேறு, இறங்குவது வேறு. அதற்கு இன்னும் ஆறு வருடம் ஆனது.

எது உறுதி, எது சந்தேகம் என்பதை இங்கே பிரித்துச் சொல்லிவிடுகிறேன், தேர்விலும் உதவும். 1888 ஏப்ரலில் மாட்ரிட்டில் காளைச் சண்டை பார்த்தார், கூட வந்தவர்கள் தாங்கமுடியாமல் எழுந்து போய்விட இவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்தார், ஐந்து காளைகளும் அதைவிட அதிகமான குதிரைகளும் செத்தன, அன்று இரவு தன்னைப் பற்றியே அருவருப்பு வந்து, இனி ஆயத்தம் செய்துகொண்டே இருப்பது போதும், நகரத்தின் ஏழைத் தெருவில் ஒரு வீடு எடுத்துவிட வேண்டும் என்று முடிவெடுத்தார். இது 1910-ல் வந்த சுயசரிதையில் அவரே சொல்வது. காளைச் சண்டைக்குப் போனது உண்மை. ஆனால் அந்த நேரத்தில் அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் இவ்வளவு பெரிய திருப்பம் நடந்ததற்கான சாயல் இல்லை என்று அவர் வாழ்க்கையை ஆராய்ந்தவர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். எட்டு வருடமாக மெல்ல மெல்ல ஊறிய ஒரு முடிவுக்கு, 22 வருடம் கழித்து எழுதும்போது ஒரே ஒரு இரவைக் கொடுத்துவிட்டார் என்பதுதான் என் அபிப்பிராயம். எல்லோரும் தங்கள் கதையைச் சொல்லும்போது செய்வதுதான் இது. அதே 1888 ஜூனில் லண்டனில் டாயின்பீ ஹாலைப் போய்ப் பார்த்தார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் பையன்கள் ஏழைகள் நடுவே வந்து தங்கி வேலை செய்வதற்காக 1884-ல் தொடங்கிய இடம் அது.

சரி, காதலுக்கு வருவோம். மாட்ரிட்டில் அந்தத் திட்டத்தை ஜேன் முதலில் சொன்னது எலன் கேட்ஸ் ஸ்டார் என்பவரிடம். எலனும் இலினாய் கிராமத்துப் பெண்தான், ராக்ஃபோர்டில் ஜேனோடு ஒரே ஒரு வருடம் படித்தவர். பணம் இல்லாததால் கல்லூரியை விட்டு ஆசிரியை வேலைக்குப் போனார். பத்து வருடம் இருவரும் கடிதத்திலேயே வாழ்ந்திருக்கிறார்கள், முதலில் சந்தித்த நாளை வருடாவருடம் நினைவு வைத்து எழுதிக்கொள்ளும் அளவுக்கு. சேர்ந்து ஒரு வீடு, சேர்ந்து ஒரு வேலை என்ற ஆசை இந்த நட்புக்குள்ளேதான் முளைத்தது. அதனால்தான் சொல்கிறேன், ஜேன் காதலை ஒரு தட்டிலும் வாழ்க்கையின் அர்த்தத்தை இன்னொரு தட்டிலும் வைத்து எடை போட்டவர் கிடையாது. இரண்டும் இல்லாமல் எட்டு வருடம் தவித்தார், இரண்டையும் ஒரே வாசல் வழியாகத் தேடிப் போனார்.

அந்த வாசல் சிகாகோவில் ஹால்ஸ்டெட் தெருவும் போக் தெருவும் சேரும் இடத்தில் இருந்தது. சார்ல்ஸ் ஹல் என்பவர் 1856-ல் கட்டிய பழைய மாளிகை, அவர் பெயராலேயே அது ஹல் ஹவுஸ் ஆனது. சுற்றிலும் இத்தாலியர், கிரேக்கர், ஐரிஷ்காரர், ஜெர்மானியர், போலந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வந்த யூதர்கள் என்று நெருக்கியடித்த குடியிருப்பு. 1889 செப்டம்பர் 18 அன்று ஜேன், எலன், வீட்டு வேலையைக் கவனித்துக்கொள்ள மேரி கெய்சர் என்று மூன்று பெண்கள் குடி வந்தார்கள். முதல் இரவு பரபரப்பில் போக் தெருப் பக்கத்துக் கதவைப் பூட்டுவதற்கு மட்டுமல்ல, சாத்துவதற்கே மறந்துபோனார்கள். காலையில் பார்த்தால் ஒரு பொருள் காணாமல் போகவில்லை. புது அக்கம்பக்கத்தாரைப் பற்றி அவர்களுக்குக் கிடைத்த முதல் தகவல் அதுதான். ஓவியம், இலக்கியம் என்று பெரிய திட்டத்தோடு போனவர்களிடம் அக்கம்பக்கத்தார் வந்து கேட்டது வேறு: பிறந்த குழந்தையைக் குளிப்பாட்ட வாருங்கள், செத்தவரைக் கழுவி அடக்கத்துக்குத் தயார் செய்யுங்கள், வேலைக்குப் போகிறேன், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதையெல்லாம் செய்தார்கள். 1895-ல் ஜேன் அந்த வார்டின் குப்பை ஆய்வாளராக நியமனம் வாங்கி, விடியற்காலை ஆறு மணிக்கு எழுந்து குப்பை வண்டிகளின் பின்னாலேயே போனார். ஃபீல்ட் ஒர்க் முதல் மாதத்தில் "மேடம், நாங்க படிச்சதுக்கும் இங்க கேக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல" என்று வந்து நிற்கும் பிள்ளைகளுக்கு நான் இந்தக் குப்பை வண்டியைத்தான் காட்டுவேன்.

இப்போது அந்த 1892 உரை. மாசசூசெட்ஸில் பிளிமத் என்ற ஊரில் ஒரு கோடைக்காலப் பள்ளியில் பேசினார். இந்த மாதிரி வீடுகள் ஏழைகளுக்குத் தேவை என்று எல்லோரும் எதிர்பார்த்திருப்பார்கள். அவர் பேசியதன் மையம், இந்த வீடுகள் எங்களுக்குத் தேவை என்பது. படித்துவிட்டு எந்த வேலையும் இல்லாமல், நல்லது செய்ய வேண்டும் என்ற தவிப்பை எங்கே இறக்கி வைப்பது என்று தெரியாமல் உள்ளுக்குள்ளே வாடிப்போகும் இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் பரிதாபத்துக்குரியவர்கள்தான் என்கிறார். உதவி செய்யும் வாய்ப்பிலிருந்து விலகியே இருப்பதைப் போல ஒருவரின் இரக்கத்தையும் சந்தோஷத்தையும் சுருக்கிப்போடுவது வேறில்லை என்ற பொருளில் பேசுகிறார். தன்னைத் தியாகி என்று எண்ணியவர் இப்படிப் பேச மாட்டார். பசித்து வந்தேன், இங்கே சாப்பாடு கிடைத்தது என்று சொல்கிறவர்தான் பேசுவார். அது படித்த அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை, என் பழைய நோட்ஸை எல்லாம் எடுத்து அந்தப் பக்கத்தைக் கிழித்தேன்.

"யாருமே இல்லையா" என்று கேட்டீர்களே, இருந்தார். மேரி ரோசட் ஸ்மித். சிகாகோவில் காகித ஆலை முதலாளியின் மகள், ஜேனைவிட எட்டு வயது சின்னவர், 1890-ல் ஹல் ஹவுஸுக்கு உதவ வந்தார். அதற்குப் பிறகு 1934-ல் மேரி சாகும்வரை நாற்பது வருடத்துக்கு மேல் அவர்கள் ஒருவருக்கொருவர்தான். 1904-ல் மெய்ன் மாநிலத்துக் கடற்கரையில் சேர்ந்து ஒரு வீடு வாங்கினார்கள். வெளியூர் போனால் இருவருக்குமாக ஒரே அறையை முன்கூட்டிச் சொல்லி வைப்பார்கள். 1902-ல் மேரி வெளிநாட்டில் இருந்தபோது ஜேன் எழுதிய கடிதத்தில், உனக்காக எவ்வளவு ஏங்குகிறேன் தெரியுமா, கல்யாணமானவர்கள் பிரியாமல் சேர்ந்தே இருப்பதில் அர்த்தம் இருக்கத்தான் செய்கிறது என்ற கருத்து வருகிறது. 1896-ல் இருவரும் சேர்ந்து ரஷ்யாவில் டால்ஸ்டாயைப் போய்ப் பார்த்தார்கள். வயலிலிருந்து வந்த டால்ஸ்டாய் ஜேனின் உப்பிய சட்டைக்கையைப் பிடித்து இழுத்து, இந்தத் துணியில் ஒரு சின்னப் பெண்ணுக்குச் சட்டை தைக்கலாமே, இது உங்களை ஜனங்களிடமிருந்து பிரிக்கவில்லையா என்று கேட்டார். யார் உழைப்பில் சாப்பிடுகிறீர்கள் என்றும் கேட்டார். அதில் கலங்கிப்போய், ஊர் திரும்பியதும் தினமும் இரண்டு மணி நேரம் ஹல் ஹவுஸ் அடுமனையில் தன் கையால் ரொட்டி செய்வது என்று ஜேன் தீர்மானித்தார். வந்து பார்த்தால் பிரிக்காத கடிதங்கள் குவியலாக, காலைச் சாப்பாட்டு நேரத்திலிருந்தே தன்னைப் பார்க்கக் காத்திருக்கும் மனிதர்கள் வரிசையாக. இவர்களை நிற்க வைத்துவிட்டு என் மனசாட்சிக்காக ரொட்டி சுடுவதா என்று அந்தத் தீர்மானத்தை விட்டுவிட்டார். என் பார்வையில் அவர் தியாகத்தைக் கைவிட்ட நாள் அதுதான்.

மேரியோடு இருந்த உறவை எந்தப் பெயரால் சொல்வது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. நிறையக் கடிதங்களை ஜேன் எரித்துவிட்டார். இரண்டு பெண்கள் சேர்ந்து வாழ்வதை அன்றைய அமெரிக்க மேல்தட்டு வர்க்கம் கண்டும் காணாமல் மரியாதையாக ஏற்றுக்கொண்டது, அதற்கென்று தனி வார்த்தைகூட அவர்களிடம் புழங்கியது. உடல் சார்ந்ததா இல்லையா என்பதற்கு மிஞ்சியிருக்கும் காகிதங்களிலிருந்து யாரும் தீர்ப்பு எழுத முடியாது, எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். வாழ்நாள் துணை என்பது மட்டும் உறுதி. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: மேரி வந்த பிறகு எலன் கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்குப் போனார். முதல் கனவைச் சேர்ந்து கண்டவர் அவர். அதே வீட்டில் பல வருடம் இருந்தார், புத்தகம் கட்டும் கலை கற்றார், தொழிலாளர் வேலைநிறுத்தங்களில் முன்னால் நின்றார், கடைசியில் கத்தோலிக்கராக மாறி ஒரு கன்னியர் மடத்தில் போய்ச் சேர்ந்தார். ஒரு மகத்தான வேலையின் உள்ளேயும் இப்படி ஒரு வலி இருந்தது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இப்போது உங்கள் கடைசி வரி. அப்படித்தான் இருந்தாக வேண்டுமா? ஹல் ஹவுஸையே பாருங்கள். அங்கே ஆண்களும் தங்கினார்கள், கல்யாணமான தம்பதிகளும் தங்கினார்கள். 1891 கடைசியில் கணவரை விட்டுப் பிரிந்து மூன்று குழந்தைகளோடு வந்தவர் ஃப்ளாரன்ஸ் கெல்லி. 1893-ல் இலினாயில் குழந்தைத் தொழிலுக்கு எதிராகவும், பெண்களின் வேலை நேரத்தை எட்டு மணியாகக் குறைத்தும் வந்த தொழிற்சாலைச் சட்டத்துக்கு உழைத்தவர்களில் முதன்மையானவர் அவர்தான். அதனால் தனியாக இருந்தால்தான் இந்த வேலை முடியும் என்பது முதல் வீட்டிலேயே பொய்த்துவிட்டது. என் அனுபவத்தில், எண்ணிக்கை வைத்துச் சொல்லவில்லை, நான் பார்த்தவர்களை வைத்துச் சொல்கிறேன், "என்னைப் பத்தி நான் நினைக்கிறதே இல்ல மேடம்" என்று வந்த பிள்ளைகள்தான் இரண்டு மூன்று வருடத்தில் மிகவும் கசந்துபோய் வேலையை விட்டார்கள். தனக்கு இது வேண்டியிருக்கிறது என்று ஒளிக்காமல் சொன்னவர்கள் நீடித்தார்கள்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் உங்களுக்கு அநியாயம் செய்தவளாவேன். ஜேனிடம் பணம் இருந்தது. அப்பா விட்டுப்போன சொத்தில் தொடங்கினார், பிறகு மேரியின் பணம் தாங்கியது. யாரையும் கல்யாணம் செய்துகொள்ளாமல் இருக்க முடிந்ததற்கும், எட்டு வருடம் வழி தெரியாமல் அலைய முடிந்ததற்கும் அந்தப் பணம் ஒரு காரணம். மாதச் சம்பளத்தில் வாடகையும் கொடுத்து வீட்டுக்கும் அனுப்புகிற ஒரு ஃபீல்ட் ஒர்க்கருக்கு அந்த வழி அப்படியே பொருந்தாது. உங்கள் வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது, நீங்கள் எந்த ஊரை விட்டு வந்தீர்கள், மனதில் யாராவது இருக்கிறார்களா என்பதெல்லாம் தெரியாமல் இரண்டு பத்திக் கேள்வியை வைத்து உங்களுக்கு வாழ்க்கை யோசனை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அதை உங்களை நேரில் அறிந்த ஒருவரிடம் பேசுங்கள்.

ஜேனுக்கு 1931-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது, இன்னொருவரோடு பகிர்ந்துகொண்டார், ஆஸ்பத்திரியில் இருந்ததால் வாங்கப் போக முடியவில்லை. 1934 பிப்ரவரியில் மேரி நிமோனியாவில் இறந்தபோது ஜேனும் இதய நோயால் அதே வீட்டில் படுக்கையில் இருந்தார். அடுத்த வருடம் மே 21-ல் அவரும் போனார். சிடார்வில்லில்தான் புதைத்தார்கள், அப்பா பக்கத்தில். கல்லில் பெயருக்குக் கீழே ஹல் ஹவுஸையும் அவர் வளர்த்த பெண்கள் அமைதிச் சங்கத்தையும் மட்டும்தான் பொறித்திருக்கிறார்கள்.

1901-க்குப் பிறகான அவருடைய கடிதங்களை நியூ ஜெர்சியில் ராமபோ கல்லூரிக்காரர்கள் இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறார்கள். செமினாருக்கு வேண்டுமென்றால் அதிலிருந்து எடுங்கள், முதலில் மேரி ரோசட் ஸ்மித் என்ற பெயரைப் போட்டுத் தேடுங்கள். படித்துவிட்டு ஏதாவது புரியவில்லை என்றால் இங்கேயே கேளுங்கள், நான் பார்த்துப் பதில் போடுகிறேன்.